பத்தாவது ஆட்டம்

எங்கள் கால்பந்து லீக் இரண்டே வருஷம்தான் நடந்தது. மைசூரில் இன்றைக்கு யாரிடம் கேட்டாலும் அப்படி ஒன்று இருந்ததா என்று திருப்பிக் கேட்பார்கள். கோப்பை யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஏன் நின்றுபோனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். மைதானம் கிடைக்கவில்லையாம், கமிட்டிக்குள் சண்டையாம், ஊர் முழுக்க கிரிக்கெட் பைத்தியம் பிடித்துவிட்டதாம். எல்லாம் மண்ணாங்கட்டி. அந்த லீக்கைச் சாகடித்தவன் நான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு விசிலில் சாகடித்தேன். அதோடு போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மொத்தம் எட்டு டீம். மைசூர் நகரத்திலிருந்து மூன்று, பிறகு நஞ்சன்கூடு, ஸ்ரீரங்கப்பட்டணம், கொள்ளேகால், சாமராஜநகர், ஹனூர். ஒவ்வொரு டீமும் மற்ற ஏழு டீம்களோடு இரண்டு முறை மோத வேண்டும், ஆக ஆளுக்குப் பதினான்கு ஆட்டம். எல்லா ஆட்டமும் மைசூரில் ஒரே மைதானத்தில், சனி ஞாயிறுகளில். மைதானத்தின் ஒரு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவர். முகூர்த்த நாளில் பந்து அந்தப் பக்கம் விழுந்தால், சமையல்காரர்கள் கரி பூசிய பந்தைத் திட்டோடு சேர்த்துத் திருப்பி எறிவார்கள். ஆடியவர்களும் பெரிய சூரர்கள் இல்லை. ஃபிட்டர், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், பால் வண்டி டிரைவர், கரும்பு போடுகிறவர், செல்போன் கடைக்காரர். ஹனூர் டீம் மட்டும் தக்காளி ஏற்றும் வேனில் வந்து இறங்கும். வாரம் முழுக்க அதில் தக்காளி, சனிக்கிழமை பதினைந்து ஆட்கள். நசுங்கிய தக்காளியின் புளிப்பு வாடை அவர்கள் ஜெர்சியிலேயே இருக்கும்.

நானும் ஹனூர்க்காரன்தான். அங்கே பிறந்து, படிப்பு முடிந்து மைசூருக்கு வந்து, நஞ்சன்கூட்டில் ஒரு ஃபாக்டரியின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவன். தினமும் காலை ரயிலில் போய் சாயங்காலம் திரும்புவேன். சனி ஞாயிறுகளில் ரெஃப்ரி. பரீட்சை எழுதி முறையாகத் தேறிய ரெஃப்ரி என்பதில் எனக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே தலைக்கனம் இருந்தது. ஆட்டக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை ரூல்புக்கு என்பார்கள். அது என் காதில் விழும்போதெல்லாம் மனசுக்குள் மெடல் குத்திக்கொள்வேன், முட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். அப்பா காலத்தில் ஹனூரில் காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம்தான் என்பதால் ஆரம்பித்த வழக்கம். ரயிலைப் பிடிக்கிற எனக்கும் அது வசதியாக இருந்ததால் என் கைக்கடிகாரமும் பத்து நிமிஷம் முன்னால்தான் ஓடியது. கல்யாணமாகிப் போன என் தங்கை, போன வீட்டிலும் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் தள்ளி வைத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் அதை வைத்தே எங்களைக் கிண்டல் பண்ணுவார். "உங்கூட்டு ஆளுங்க எமன் வர்றதுக்கும் பத்து நிமிஷம் முன்னாலயே துணிய மடிச்சு வெச்சுட்டு ஒக்காந்திருப்பாங்க" என்பார். ஆட்ட நாளில் மட்டும், வீட்டைவிட்டுக் கிளம்பும் முன், ரேடியோவைக் கேட்டு வாட்சைச் சரியான நேரத்துக்குத் திருப்புவேன். ஞாயிறு ராத்திரி மறுபடி முன்னால் தள்ளுவேன். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட மறந்ததில்லை, அந்த ஒரு சனிக்கிழமையைத் தவிர.

தங்கையின் வீட்டுக்காரரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் என்னை மச்சா என்பார். ஹனூர் டீமின் கேப்டன், முன்வரிசை ஆட்டக்காரர். மானாவாரிக் காடு மூன்று ஏக்கர், ராகியும் மக்காச்சோளமும். போர்வெல் போட்டு வறண்டு, இன்னொன்று போட்டு அதுவும் வறண்டு போயிருந்தது. ஆனால் பந்து காலில் பட்டுவிட்டால் அந்த மனுஷனைப் பிடிக்க ஆளில்லை. தொண்ணூறாவது நிமிஷத்திலும் முதல் நிமிஷம் மாதிரியே ஓடுவார். மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் எரிச்சலோடு, "மாப்ள, உங்களுக்கு நெஞ்சுக்குள்ள எத்தனை நுரையீரல் இருக்குதுங்க?" என்று கேட்டேன். "கடன் வாங்கி ரெண்டு சேத்து வெச்சிருக்கறனுங் மச்சா" என்று சிரித்தார்.

லீக்கின் இரண்டாம் வருஷம் எங்கள் ஃபாக்டரி ஒரு கால்பந்து டீம் அமைக்க முடிவு பண்ணியது. லீக்கில் ஆடுகிறவர்களிலிருந்து மூன்று பேரை நிரந்தர வேலைக்கு எடுப்பதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். இரண்டு நிபந்தனை. வயசு இருபத்தெட்டுக்கு மேல் போகக் கூடாது. அந்த ஒரு வருஷத்தில் குறைந்தது பத்து லீக் ஆட்டம் ஆடியிருக்க வேண்டும், அதுவும் லீக்கின் ரெக்கார்டுப்படி. மாப்பிள்ளைக்கு அப்போது இருபத்தேழு முடியப் போகிறது. இந்த வருஷத்தை விட்டால் அடுத்தது கிடையாது. நோட்டீஸைப் படித்த அன்றைக்கே ஹனூருக்கு போன் பண்ணினேன். தங்கைதான் எடுத்தாள். அவளுக்கு வேலை, சம்பளம் எதுவும் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நஞ்சன்கூட்டுல பைப்புத் தண்ணி தினமும் வருங்ளாண்ணா?"

"வரும், ரெண்டு வேளையும் வரும்" என்றேன். இடுப்பில் ஒரு வயசுக் குழந்தையோடு ஒரு மைல் நடந்து குடம் தூக்கிக்கொண்டிருந்தவள் அவள். அந்த வாரமே இருக்கிற பாத்திரங்களில் எதையெல்லாம் கொண்டுபோவது, எதை மாமியாரிடம் விடுவது என்று பிரித்து வைத்துவிட்டாளாம். மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை அந்த வருஷம் நாலு ஆட்டம் தவறவிட்டிருந்தார். அவர் அப்பா இறந்ததில் இரண்டு, காய்ச்சலில் இரண்டு. ஆடியது ஒன்பது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தோடு கடைசி ஆட்டம். அதில் பத்து நிமிஷம் மைதானத்தில் நின்றுவிட்டு வெளியே வந்தாலும் போதும், பத்தாவது ஆட்டம் ரெக்கார்டில் ஏறிவிடும். இது எனக்குத் தெரியும், ரெண்டு டீமுக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரியும்.

அந்த வாரம் பார்த்துக் காவிரிக் கலாட்டா ஆரம்பித்தது. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொல்லித் தீர்ப்பு வரும், இங்கே சாலையில் டயர் எரியும். மழை பொய்த்த வருஷமெல்லாம் நாங்கள் பார்க்கிற கூத்துதான். ஹனூர்க்காரர்கள் கர்நாடகத்து விவசாயிகள். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ், கேட்பது இதே காவிரித் தண்ணீர், அது அவர்கள் காட்டுக்கு ஒரு சொட்டு வந்தது கிடையாது. இதையெல்லாம் டயர் எரிகிற இடத்தில் நின்று விளக்க முடியாது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி என் மனைவி. அவளே அன்றைக்குப் பயந்துபோயிருந்தாள்.

"ரோட்ல போன்ல தமிழ் பேசாதீங்க. சும்னே போங்க, சும்னே வாங்க" என்றாள். பேசாமல் போய்ப் பேசாமல் வரச் சொல்கிறாள். உண்மையில் அன்றைக்கு நான் ஊதவேண்டிய ஆட்டமே அது இல்லை. மண்டியாவிலிருந்து வரவேண்டிய ரெஃப்ரி வழியில் மாட்டிக்கொண்டார் என்று கமிட்டிச் செயலாளர் பகல் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணினார். மைசூருக்குள் இருந்த ரெஃப்ரி நான் ஒருவன்தான். "என் தங்கை வீட்டுக்காரர் ஆடுகிற ஆட்டம் சார், நான் ஊதினால் நன்றாக இருக்காது" என்றேன். "நீங்கள் நியாயமாக ஊதுவீர்கள் என்று ஊருக்கே தெரியும்" என்று கன்னடத்தில் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த நியாயமாக என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சோற்றில் பாதியை விட்டு எழுந்தேன். டவுன் பஸ் ஓடவில்லை, நடக்க வேண்டும். விசில், கார்டு, ரூல் புத்தகம், எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்தேன். வாட்சைத் திருப்பவில்லை. செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டேன், அதுவும் என் ரூல்.

மைதானத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர்கள் முன்னாலேயே வந்திருந்தார்கள். ஹைவே மூடியிருந்ததால் வாய்க்கால் கரை வழியாக பைக்கில் வந்திருக்கிறார்கள். ஒருவர் மறியலில் இருந்து நேராக வந்தவர், தோளில் விவசாய சங்கத்துப் பச்சைத் துண்டு அப்படியே கிடந்தது. சுவர்மேல் நாற்பது ஐம்பது பேர் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே நுழையும்போது அதில் ஒருவன் கன்னடத்தில் சொன்னான், "இன்னிக்கு டீமும் தமிழு, ரெஃப்ரியும் தமிழு, பந்தாவது நம்ம பந்தாப்பா?" எல்லோரும் சிரித்தார்கள். வேறெந்த நாளாக இருந்தாலும் நானும் அவன் வாயை அடைக்கிற மாதிரி ஒன்று சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்கு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேராக நடு வட்டத்துக்குப் போனேன். இன்றைக்கு யோசித்தால் அவன் முகத்தில் விஷமம் ஒன்றும் இல்லை, வெறும் வாய்க்கொழுப்புதான். விஷம் என்னிடம் இருந்தது.

மூன்றரைக்கு ஆட்டம். எதிர் டீம் வரவில்லை என்றால் பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும், அதன் பிறகு வாக்ஓவர், வந்த டீமுக்கே வெற்றி. என் வாட்சில் மூன்றரை ஆனது. ஹனூர் டீமைக் காணவில்லை. செயலாளர் கேட்டருகே போனில் கத்திக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். நரசிபுரத்துக்கு இந்தப் பக்கம் சாலை மறியலில் வேன் மாட்டிக்கொண்டதாம், இறங்கி நடந்து வேறு வண்டி பிடித்துவிட்டார்களாம், மைசூருக்குள் நுழைந்தாயிற்றாம். "வந்தால் ஆட்டம்" என்றேன். ஸ்ரீரங்கப்பட்டணம் கேப்டன் பக்கத்தில் வந்து நின்றார். கரும்பு போடுகிறவர், நல்ல உயரம்.

"பர்த்தாரே சார். ஸ்வல்ப காயோணா" என்றார். வந்துவிடுவார்கள், கொஞ்சம் காத்திருப்போம் என்கிறார். எதிர் டீம் கேப்டன், அதுவும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர். காத்திருக்க எனக்கு வேறு யாருடைய அனுமதி வேண்டும்? நான் ரூலைச் சொன்னேன். கொஞ்சநேரம் கழித்து மறுபடி வந்தார், கையில் செல்போன். "உங்க வாட்ச் எவ்வளவு சார் காட்டுது? என் போன்ல இன்னும் நேரம் இருக்கே" என்றார் கன்னடத்தில். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

நான் அந்தப் போனைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்க்க மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். இவர் என்னை ஆழம் பார்க்கிறார், போன் நேரத்தை ஒத்துக்கொண்டால் நாளைக்கே தமிழ் ரெஃப்ரி தன் ஆட்களுக்காக நேரத்தை இழுத்தான் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும், தன் கம்பெனிக்குள் தங்கை புருஷனை நுழைக்கப் பார்த்தான் என்பார்கள், இப்படியெல்லாம் புத்தி ஓடியது. அந்தப் புத்தியைச் செருப்பாலடிக்க வேண்டும். "மைதானத்தில் ரெஃப்ரி வாட்ச்தான் டைம்" என்று சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சுவர்மேல் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கன்னடத்தில் சொன்னேன். லைன்ஸ்மேன் இருவரும் வாய் திறக்கவில்லை. என்னிடம் வாய் திறந்து வாங்கிக்கட்டிக்கொண்ட அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

என் வாட்சில் மூன்று நாற்பத்தைந்து. வாக்ஓவருக்கு எங்கள் லீக்கில் ஒரு சடங்கு உண்டு. வந்திருக்கிற டீம் வரிசையாக நிற்க வேண்டும், நடுவிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆளில்லாத கோலுக்குள் அடிக்க வேண்டும், ரெஃப்ரி விசில் ஊத வேண்டும். கேப்டன் அடிக்க மாட்டேன் என்றார். அடுத்தவரைச் சொன்னேன், அவரும் கையைக் கட்டிக்கொண்டார். பச்சைத் துண்டுக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அடிக்காவிட்டால் இரண்டு டீமுக்கும் ஆட்டம் ரத்து என்று ரிப்போர்ட் எழுதுவேன்" என்று மிரட்டினேன். கடைசியில் அவர்கள் கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வலைக்குள் வைத்தார். காலால் அடிக்க வேண்டும் என்றேன். வெளியே எடுத்து வந்து, என்னைப் பார்த்துக்கொண்டே காலால் உருட்டிவிட்டார். யாரும் கைதட்டவில்லை. ஊதினேன்.

ஊதி மூன்று நிமிஷம் ஆகியிருக்கும், ஒரு சரக்கு ஆட்டோ கேட்டுக்குள் பாய்ந்து வந்தது. நின்றபடியே பதினொரு பேர். வழியிலேயே ஜெர்சி மாட்டி, பூட்ஸ் கட்டித் தயாராக இருந்தார்கள். மாப்பிள்ளை வண்டி நிற்கும் முன்னால் குதித்து நடு வட்டத்துக்கு ஓடி வந்தார். வலைக்குள் கிடந்த பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மச்சா..." என்று ஆரம்பித்தவர் சுவரைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டார். "சார்" என்றார். ஒரு நாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "டைம் எஷ்டு ஆய்த்து சார்?" என்று கன்னடத்தில் மணி கேட்டார்.

கையை நீட்டி வாட்சைக் காட்டினேன். மூன்று ஐம்பத்தொன்று. அவர் வாட்சைப் பார்த்தார், கொஞ்சம் கூடுதல் நேரமே பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஏமாற்றத்தில் வாயடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

இரண்டு கேப்டன்களும் சேர்ந்து கேட்டார்கள், லீக் ஆட்டமாகவே ஆடிவிடுகிறோம் என்று. விசில் ஊதியாயிற்று, இனிமேல் ஆடினால் நட்பு ஆட்டம்தான், ரெக்கார்டில் ஏறாது என்றேன். அவ்வளவு தூரம் அடிபட்டு வந்தாயிற்று என்று நட்பு ஆட்டமே ஆடினார்கள். யாரோ ஒருவர் விரலை வாயில் வைத்து விசிலடித்து ஆட்டத்தை ஆரம்பித்தார். நான் மேஜையில் உட்கார்ந்து வாக்ஓவர் ரிப்போர்ட் எழுதினேன். ரிப்போர்ட்டைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன் என்று மனைவிக்குச் சொல்லலாம் என்று கேட்டுக்கு வெளியே செல்போனை உயிர்ப்பித்தேன்.

போனில் நாலு இருபது. வாட்சில் நாலரை.

அட கருமமே என்று வாய்விட்டுச் சொன்னேன். முதலில் போன் தப்பு என்றுகூட நினைத்தேன். எதிரே டீக்கடைச் சுவரில் கடிகாரம் இருந்தது, அதிலும் நாலு இருபதுதான். அவர்கள் வந்து சேர்ந்தபோது உண்மையான நேரம் மூன்று நாற்பத்தொன்று. நான் விசில் ஊதியது மூன்று முப்பத்தெட்டுக்கே. பதினைந்து நிமிஷக் கெடுவுக்குள் வந்தவர்களைத்தான் நான் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்போது உள்ளேயிருந்து பெரிய கூச்சல். கோல். மாப்பிள்ளைதான் அடித்தார் என்று அவர்கள் கத்தியதிலேயே தெரிந்தது. நான் கேட்டுக்கு வெளியே இருபதடி தூரத்தில் நிற்கிறேன். செயலாளர் உள்ளே இருக்கிறார், ரிப்போர்ட் அவர் சட்டைப் பையில் இருக்கிறது, இரண்டு டீமும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்பிப் போய், "என் வாட்ச் தப்பு, என் விசில் தப்பு, இதையே லீக் ஆட்டமாக எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர்கள் என்னைத் தூக்கிக்கொண்டாடியிருப்பார்கள். ஓர் அடிகூட எடுத்து வைத்தேன். சுவர்மேல் இருந்தவன் ஞாபகத்துக்கு வந்தான். தமிழ் டீம் வந்ததும் தமிழ் ரெஃப்ரியின் வாட்ச் தப்பாகிவிட்டது பார் என்பான். நூறு ஆட்டம் ஊதிச் சேர்த்த ரூல்புக்கு என்ற பெயர் ஒரு நிமிஷத்தில் போய்விடும். அந்தப் பெயருக்காக நான் வீட்டுப் பக்கம் நடந்தேன். பத்தடி போனதும் வாட்சைச் சரியான நேரத்துக்குத் திருப்பிக்கொண்டேன், யாராவது பார்த்தால் என்ன செய்வது என்று. பயத்தில் ஊதியதை மன்னித்தாலும் இதை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் வரைக்கும் ஹனூர் டீம் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுக்கவில்லை. அவர்கள் கேப்டன் மாப்பிள்ளை, பெண்டாட்டியின் அண்ணன்மேல் எப்படி எழுதுவார்? ஸ்ரீரங்கப்பட்டணம் கேப்டன் அந்த வருஷக் கடைசிக் கூட்டத்தில் எழுந்து, ஆளில்லாத வலைக்குள் பந்து போட வைக்கிற லீக்குக்கு நாங்கள் இனிமேல் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அடுத்த வருஷம் ஹனூரும் வரவில்லை. ஹனூர் இல்லை என்றதும் கொள்ளேகால்காரர்கள் நின்றார்கள், பிறகு சாமராஜநகர். மூன்று நகர டீமும் நஞ்சன்கூடும் மட்டும் வைத்து யாரால் லீக் நடத்த முடியும்? நான் விசிலைக் கழற்றி வைத்தேன். மனவருத்தத்தில் விலகிவிட்டேன் என்று எல்லோரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

ஃபாக்டரியில் மூன்று பேரை எடுத்தார்கள். மாப்பிள்ளை ரெக்கார்டில் ஒன்பது ஆட்டம். அதிகாரியிடம் போய்க் கெஞ்சினேன். "ஒன்று குறைகிறதே, அந்த ஆட்டத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்று ரெஃப்ரி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம்" என்றார். அந்த ரெஃப்ரி நான்தான் என்று அவருக்குத் தெரியாது. தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. எடுக்கப்பட்ட மூன்று பேரும் தினமும் கான்டீனில் எனக்கு வணக்கம் சொன்னார்கள்.

மாப்பிள்ளை கருங்கல் குவாரிக்கு வேலைக்குப் போனார். பாறையில் குழி போடும் டிரில் மிஷின். தண்ணீர் ஊற்றிக்கொண்டே போட்டால் தூசி பறக்காது, ஆனால் அந்த ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லை, பாறைக்கு எங்கே போவது? மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு எட்டு வருஷம் தூசியைக் குடித்தார். இருமல் வந்தது. காசநோய் என்று ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். காசநோய் இல்லை, நெஞ்சுக்குள் கல்தூசி என்று மைசூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் என் வீட்டில்தான் தங்கினார். என் வீடு மாடியில். பதினெட்டுப் படி. நாலு படி ஏறி நிற்பார், சுவரைப் பிடித்துக்கொள்வார், மறுபடி நாலு. முதல் தடவை நான் கையைப் பிடிக்கப் போனேன். "உடுங்க மச்சா, ஆஃப் டைம் உட்டு உட்டு ஏறிக்கறேன்" என்றார். சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. நான் கீழே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று அழுதேன். சத்தம் போட்டே அழுதேன், யாரும் இல்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் ஒருமுறையும் பேசவில்லை. கட்டிலில் சாய்ந்து எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மாத்திரை நேரம் ஆச்சா என்று என் மனைவி கேட்டால், "மச்சான் ஊட்டு டைம்ல ஆச்சுங், ஊர் டைம்ல இன்னும் பத்து நிமிஷம் இருக்குதுங்" என்பார். அவள் சிரிப்பாள். நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்தேன். போன வருஷம் மாசி மாதத்தில், ஹனூரில் அவர் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார். நாற்பது ஆகவில்லை.

கருமாதியன்று வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது தங்கை என்னை உள் அறைக்குக் கூப்பிட்டாள். அழுது அழுது முகம் வற்றிப்போயிருந்தது. மகள் எட்டாவது படிக்கிறாள், அவளைப் பற்றி ஏதோ பேசப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"அண்ணா, ஒன்னு கேக்கட்டுங்ளா? தப்பா எடுத்துக்காதீங்."

"கேளும்மா."

"அந்தக் கடைசி ஆட்டத்தன்னிக்கு ஊட்டுக்கு வந்து அவரு ஒன்னு சொன்னாருங். உங்கண்ணன் வாட்சத் திருப்பாமயே வந்துட்டாரு, நாங்க டயத்துக்குத்தான் போனோம், வாட்சப் பாத்தொடனே எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னாருங். அத்தன பேர் முன்னால மச்சானக் காட்டிக் குடுக்க மனசு வரலன்னாருங். எனக்குக் கோவமான கோவம். எங்கண்ணன் அப்படியாப்பட்ட ஆளில்ல, வேல போன ஆத்தரத்துல அவர்மேல பழி போடறீங்கன்னு சண்டைக்குப் போயிட்டேன். ஒரு மாசம் அவருகிட்ட மொகங்குடுத்துப் பேசலீங்ணா. அப்பறம் அவரே, உடு, நாந்தான் சரியாப் பாக்கலன்னு சொல்லீட்டாருங். இத்தன வருசமா அது நெஞ்சுலயே கெடக்குது. திருப்பித்தானுங்ணா வெச்சிருந்தீங்?"

அவள் என் கையை, வாட்ச் கட்டியிருந்த கையை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பித்தாம்மா வெச்சிருந்தேன்" என்றேன்.

"எனக்குத் தெரியுமுங்" என்றாள். மூச்சை விட்டாள். கையை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் நிம்மதிக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுதினால் அதுவும் பொய். அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே நின்ற அதே ஆள்தான் அங்கேயும் நின்றேன்.

அங்கே இருக்க முடியவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்குப் போகிறேன் என்று பையை எடுத்தேன். அவள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் மூன்று ஆகியிருந்தது.

"இன்னும் பத்து நிமிசம் இருக்குதுங்ணா" என்றாள். "ஒக்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்."

பந்தியில் போய் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். சாப்பிட்டேன்.